மிளகாயும் பொம்பரும்

பிறர் வீட்டுக் கதையை எழுதுவது பாவமென்று பல வருடம் தயங்கினேன். முருகன் மன்னிப்பான் என்று இப்போது எழுதுகிறேன்.

யுத்த நாட்களில் ஒருநாள் சுன்னாகத்தில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றேன். நாலு நாள் பெய்த மழை விட்டு, அன்றுதான் வெயில் எறித்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவ சொன்னா:

“மருமோள் முத்தத்திலை மிளகாய் காயப்போட்டால் பொம்பர் வந்து குண்டு போடுது. மூண்டு தரம் பாத்திட்டன். பண்டத்தரிப்புக்குத் தாய் வீட்டை அனுப்பிப்போட்டன்.”

“பிள்ளைத்தாச்சிப் பெட்டையையோ? முகில் இல்லாத நாளிலைதானே அக்கா மிளகாய் காயப்போடுவினம்? பொம்பர் ஓட்டுறவனுக்கும் அண்டைக்குத்தானே கீழை தெரியும்?”

“அவள் போய் நாலு நாள். பொம்பர் வரேல்லையே.”

“நாலு நாளும் மழையெல்லோ.”

“மழை பெய்தால் பெய்யட்டும். நான் கண்ணாலை கண்டதைச் சொல்லுறன்.”

“ஐயோ அக்கா, அவளைக் கூப்பிடுங்கோ.”

அப்போது வானத்தில் பொம்பர் இரைந்தது. எல்லோரும் சேற்று வாய்க்காலுக்குள் விழுந்து படுத்தோம். நான் தேவாரம் முணுமுணுத்தேன். பக்கத்தில் மூத்தவவின் குரல் கேட்டது:

“பாத்தியே, அங்கையும் காயப்போட்டிட்டாள்.”

மற்றவ சேற்றிலேயே முகத்தை வைத்துக்கொண்டா.

இதை யாருக்காவது சொன்னால், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த மருமகள் இன்னும் தாய் வீட்டிலேயே இருக்கக்கூடும்.