ஆறு புள்ளி எட்டு

– ஆறு புள்ளி எட்டு.

– காலையில?

– காலையிலயும் ஆறு எட்டுதான். தொட்டித் தண்ணிக்கு அதான் நல்ல பிஎச்சுன்னு நீங்கதான சொன்னீக?

– நல்லதுதான் பானு. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்கலையே?

– இல்ல. அடியிலதான் சுத்துது.

– செடி? இலையில முத்து முத்தா காத்து நிக்குதா?

– நிக்குது.

– இங்க டென்ட்டுக்கு வெளிய பூரா வெள்ளை. பனியப் பாத்துப் பாத்துக் கண்ணு கூசுது. கண்ண மூடுனா நம்ம ராஜபாளையத்து வீடு, ஹாலு, அந்தத் தொட்டி. பச்சைக்குள்ள இருந்து முத்து ஒண்ணொண்ணா பிச்சுக்கிட்டு மேல போகும். அதப் பாத்துக்கிட்டேதான் தூங்குறேன்.

– எனக்கும் நேத்து ஒரு கனா. நான் தொட்டிக்குள்ள இருக்கேன். மூச்சு முட்டல, நல்லாத்தான் இருந்துச்சு. சேலை செடி மாதிரி ஆடுது. நீங்க யூனிபார்மோட வெளிய நின்னு நோட்டுல எழுதுறீக. கண்ணாடியத் தட்டுறேன், தட்டுறேன், நீங்க நிமிரவே இல்ல.

– கனாவுலயும் எழுதுறேனா? இங்கயும் நோட்டு வச்சிருக்கேன் பாத்துக்கோ. பதினோரு நாளா நீ சொன்னது அம்புட்டும் இருக்கு. எல்லாமே ஆறு எட்டு.

– அதுக்கென்ன?

– அது அப்படி நிக்காது ஏட்டி. லைட்டப் போட்டு சிலிண்டரத் திறந்தா கரியமில வாயு கரைஞ்சு தண்ணி புளிக்கும், நம்பர் எறங்கும். ராத்திரி மூடுனா வாயு போயிரும், விடியும்போது ஏழத் தாண்டி நிக்கும். தெனமும் ஏறி எறங்கணும். கேக்குதா?

– கேக்குது.

– மீட்டர் கெட்டுப்போச்சோ?

– மீட்டர் அங்க அலமாரியில இருக்கு.

– பொறவு எத வச்சுப் பாக்க?

– பாக்கல. ஆறு எட்டுன்னா நீங்க சந்தோசப்படுவீக. அதான் சொன்னேன்.

– மீனு?

– மொதல்ல அதத்தான் கேப்பீகன்னு தெரியும். உசுரோட இருக்கு. சிலிண்டர இறுக்கி மூடி, காத்து மோட்டாரப் போட்டுட்டுத்தான் வந்தேன். சாவி எதிர்த்த வீட்டு ஜெயபாய் அக்காகிட்ட. அவியதான் தீனி போடுறாக. ஒன் வீட்டுக்காரரு பாண்டி கேட்டா நான் என்ன சொல்லன்னாக. அவரு மீனத் தவிர ஒண்ணும் கேக்க மாட்டாருன்னேன்.

– வந்தேன்னா? இப்ப எங்க இருக்க?

– எங்க அம்மா வீட்டுல. பதினோரு நாளா.

– ஸ்ரீவில்லிபுத்தூர்லயா? பின்னால மணிச்சத்தம் கேக்குமே, டிவின்னு நெனச்சேன்.

– மடவார் வளாகத்துக் கோயில் மணி. ஒரு நாளாச்சும் என்ன சத்தம்னு கேப்பீகன்னு பாத்தேன்.

– ராஜபாளையத்துல யாரும் ஏதாச்சும் சொன்னாகளா?

– சொல்றதுக்கு யாரு இருந்தா? அந்த மோட்டாரும் நானுந்தான். நீங்க லீவுல வந்த இருபது நாளும் தொட்டி கட்டுனீக. போனபொறவு தெனமும் பத்து நிமிசம் போனு, அதுவும் தொட்டிக்கு.

– செத்த நேரத்துல சிக்னல் போயிரும் பானு. நான் என்ன செய்யணும், சொல்லு.

– இங்க தொட்டி இல்ல, நம்பர் இல்ல. நாளைக்குக் கூப்பிடும்போது எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. என்ன கேக்கணும்னு நான் சொல்லித்தர மாட்டேன், நீங்களாக் கேளுங்க.