தண்ணீர் பம்பும் மாப்பிள்ளை மரியாதையும்

அன்று காரில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியது நான். பக்கத்தில் என் மனைவி இருளாயி. பின்னால் மகள் முத்துத்தாய்; அவள் மடியில் தலைவைத்து அவள் கணவன் கண்ணுச்சாமி. ஐந்தாவது ஆள் கிடையாது. ஆகவே, இன்ஸ்பெக்டர் ஐயா, மற்றவர்கள் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அம்பாசிடரில் ஒரு மாதமாகத் தண்ணீர் பம்பு கசிந்தது. தினமும் வண்டிக்கடியில் ஈரத்தைப் பார்த்து வீட்டில் முணுமுணுத்தார்கள். அவனியாபுரம் மெக்கானிக் மொக்கைச்சாமி ஃபேனைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். "பேரிங் போச்சுய்யா. இனி ஓட்டுனா வழியிலதான் நிக்கணும்."

மகள் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக எச்சரிக்க எனக்கு ஆள் வாய்க்கவில்லை. எங்கள் வயலில் களையெடுத்தவளின் மகனை அவள் ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். இருளாயி இரண்டு வருடம் அழுததால், 1981 பொங்கலுக்கு இருவரையும் வீட்டுக்குள் விட்டேன். மூன்றாம் நாள், யாரும் கேட்காமலே, அவன் எங்கள் தொழுவத்துக்கு வைக்கோல் பிடுங்கப் போனான். பழக்கம் விடுமா? படப்பில் இருந்த பாம்பு கையில் கடித்தது.

பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். திருநகருக்கு இரண்டு மைல் முன்னால் வண்டியை ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். பம்பு போய்விட்டது, சூடு ஆறட்டும் என்றேன். யாரும் ஆச்சரியப்படவில்லை.

பத்து நிமிடத்தில் மதுரை பஸ் வந்தது. முத்துத்தாய் நடுரோட்டில் நின்று மறித்தாள்.

"மாப்பிள்ளைய பஸ்ஸுல தூக்கிப்போட்டு அனுப்புற வீடா இது?" என்றேன். "ஊரு என்ன பேசும்?"

"உசுரு போகுதுப்பா," என்றாள்.

மாப்பிள்ளை என்று அவனை நான் சொன்னது அதுவே முதல் தடவை. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாக்குக் குழற, எழுந்து உட்காரப் பார்த்தான்.

"மாமா சொல்றது சரிதான் முத்து. நம்ம வண்டியிலயே போவோம்."

பஸ்ஸை அனுப்பினேன். பின்னால் வந்த லாரியையும் அனுப்பினேன். முக்கால் மணி நேரத்தில் அவசரம் தீர்ந்தது. முறைப்படி, மகளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நானே எடுத்துப் போட்டேன்.

இப்போது ஊரில் ஒரு பேச்சு: கஞ்சத்தனத்தால் நான் பம்பை மாற்றவில்லையாம், எங்கள் வண்டி நடுவழியில் காலை வாரிவிட்டதாம். இது குடும்பத்துக்கு இழுக்கு, திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முந்தின வாரமே புதுப் பம்பு போட்டாயிற்று. வீட்டில் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்று அந்த வண்டியில் ஒரு குறையும் இல்லை.