பூ என்று எழுதிய பெட்டி

இல்ல தம்பி, நான் இன்சூரன்ஸ் ஆளு இல்ல. ஐயோ, எந்திரிக்காதீங்க, தலையை ஆட்டாதீங்க. தாடையில கம்பி போட்டுக் கட்டியிருக்கு, பேச்சுக் குடுக்காதீங்கன்னு வெளிய நர்ஸம்மா என்கிட்ட ரெண்டு தரம் சொல்லிட்டாங்க. நீங்க பேச வேணாம். அந்தச் சிலேட்டுல எழுதுங்க, போதும். பேசுறதை நான் பாத்துக்கிறேன், எனக்கு உருப்படியா வர்றது அது ஒண்ணுதான்.

யாருன்னா... சொல்றேன். சொன்னதும் கோவப்படக் கூடாது. சரி, கோவப்படுங்க, ஆனா கோவத்துல வாயைத் திறந்துடாதீங்க. உங்க கல்யாணத்துல மேலேருந்து பூ தூவறோம்னு வந்துச்சே ஒரு ட்ரோன் கம்பெனி, அந்தக் கம்பெனி ஆளு நான்.

அடிக்கிறதா இருந்தா அந்தத் தண்ணி பாட்டில் வேணாம் தம்பி, அது பிளாஸ்டிக். பக்கத்துல அந்த டார்ச் லைட் இருக்கு பாருங்க, அதை எடுங்க.

வேணாமா? நல்ல மனசு. உங்க வீட்டம்மா கீழ மருந்து வாங்கப் போறதைப் பாத்துட்டுதான் உள்ள வந்தேன். அவங்க இருந்தா இந்த ரூமுக்குள்ள எனக்கும் ஒரு கட்டில் போட வேண்டியதா இருந்திருக்கும்.

என்ன எழுதியிருக்கீங்க? மணல் எப்படி வந்துச்சு... அதான் தம்பி கேள்வி. ஊரே அதைத்தான் கேக்குது. பூ தூவறேன்னு சொன்னவன் மணல் மூட்டையை எதுக்குப் போட்டான்? அதுவும் நேரா விழுந்திருந்தா கூடப் பரவாயில்ல, புல்வெளியில போட்டிருந்த மேடையோட வளைவுல விழுந்து, அந்த இரும்புக் கம்பி பிடுங்கிக்கிட்டு வந்து, சிரிச்சுக்கிட்டு நின்ன மாப்பிள்ளையோட தாடையில... சரி, உங்களுக்குத் தெரிஞ்ச கதை. உங்களுக்குத் தெரியாததை மட்டும் சொல்றேன்.

எங்க கம்பெனிக்கு ரெண்டு வகை வாடிக்கைக்காரங்க. ஒரு பக்கம் கல்யாணம், வயலுக்கு மருந்து அடிக்கிறது, கட்டடம் படம் பிடிக்கிறது. இன்னொரு பக்கம் ராணுவம். கேக்கப் பெருசா இருக்குல்ல? மிஷின் ஒண்ணுதான் தம்பி. வெள்ளைப் பெயிண்ட் அடிச்சா கல்யாணம், பச்சைப் பெயிண்ட் அடிச்சா ராணுவம். அடியில மாட்டுற பெட்டியும் ஒண்ணுதான். பட்டனைத் தட்டினா பெட்டியோட அடி திறக்கும், உள்ள இருக்கிறது விழும். பூ வச்சா பூ, மணல் வச்சா மணல். ராணுவத்துக்காரங்க நாம குறி பாத்துப் போடுறோமான்னு பாக்கணும் இல்ல, அதுக்கு அரைக் கிலோ அரைக் கிலோவா மணல் பொட்டலம். மூணு வருஷமா அவங்களுக்குப் போட்டுக் காட்டிட்டே இருக்கோம், ஒரு மிஷின் வாங்கினதில்ல. முதலாளிக்கு அதுல ராத்தூக்கம் போச்சு.

நானா? நான் ஸ்டோர்காரன். எந்தப் பெட்டி எந்த அலமாரியில இருக்கு, யார் எடுத்தா, எப்ப திருப்பி வந்துச்சு. அவ்வளவுதான் என் உத்தியோகம். இதுல போய் நான் மூளையைக் காட்டினேன் பாருங்க, அங்கதான் உங்க தாடைக்குச் சனி பிடிச்சுது.

ராணுவத்துல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. எங்க சாமான் வைக்கிற பெட்டியில, உள்ள என்ன இருக்குன்னு வெளிய எழுதக் கூடாது, பாதுகாப்பு விதின்னு. புத்தியுள்ளவன் என்ன பண்ணுவான்? ஒரு நம்பரை எழுதிட்டுப் போவான். நான் நம்பர் எழுதினா அது ரகசியம்னு திருடனுக்குத் தெரிஞ்சிடுமேன்னு யோசிச்சேன். எந்தத் திருடன்? எங்க ஸ்டோருக்கு இதுவரைக்கும் பூனைதான் வந்திருக்கு. ஆனாலும் யோசிச்சேன். கேமராப் பெட்டியில டம்ளர்னு எழுதினேன். பேட்டரிப் பெட்டியில சோப்புன்னு எழுதினேன். மணல் பெட்டியில என்ன எழுதினேன்னு நினைக்கிறீங்க?

ஆமா. பூ.

பூன்னு எழுதினா யாருக்காவது சந்தேகம் வருமா? முதலாளி அசந்து போயிட்டாரு. எல்லாரையும் நிக்க வச்சு எனக்குக் கை தட்டச் சொன்னாரு. சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒண்ணும் குடுத்தாரு, எங்க வீட்டு ஹால்ல டிவிக்கு மேல மாட்டியிருக்கேன். வர்றவங்க எல்லாம் எதுக்குக் குடுத்தாங்கன்னு கேப்பாங்க, ரகசியம்னு சொல்லி நெஞ்சை நிமித்துவேன்.

நிஜப் பூப் பெட்டிக்கு என்ன பண்ணினேன்னு எழுதுறீங்களா? நல்ல கேள்வி. கம்பெனியில ஒருத்தரும் கேக்கல தம்பி, நீங்கதான் முதல்ல கேக்குறீங்க. அதுலயும் பூன்னுதான் எழுதியிருந்துச்சு. ராணுவப் பூவுக்கு மட்டும் கீழ மூலையில பேனாவால ஒரு புள்ளி வச்சேன். புள்ளி இருந்தா மணல், இல்லாட்டிப் பூ. எனக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் தெரியும். எப்பேர்ப்பட்ட ஏற்பாடு!

அன்னைக்கு உங்க கல்யாணமும் ராணுவ டெமோவும் ஒரே நாள். உங்களுக்குப் பதினொன்றரைக்குப் பூ தூவணும். அவங்களுக்குப் பதினோரு மணிக்கு மைதானத்துல டெமோ. டெமோவுக்கு நீயும் வாயான்னு முதலாளி கூப்பிட்டாரு. எனக்குத் தலைகால் புரியல. கோட்டு இரவல் வாங்கினேன். டை கட்டத் தெரியாம பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பினேன். அந்தக் கோட்டுல மேல் பாக்கெட் தைச்சே மூடியிருக்கு, கண்ணாடியை வைக்க இடமில்ல, வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். ஸ்டோர்ல நின்னு, அந்தப் பெட்டியை எடுய்யான்னு டிரைவர்கிட்ட விரலை நீட்டினேன். புள்ளி பாத்தேனான்னு கேக்காதீங்க. எனக்கு அந்த அலமாரியே மங்கலாத்தான் தெரிஞ்சுது. மிச்சம் இருந்த பூப் பெட்டி உங்க மண்டபத்துக்குப் போச்சு.

மைதானத்துல நாற்காலி போட்டு பெரிய பெரிய அதிகாரிங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இல்ல. பச்சை மிஷின் மேல போச்சு. வட்டம் போட்ட இடத்துக்கு நேரா நின்னுச்சு. பட்டனைத் தட்டினாங்க.

பூ விழுந்துச்சு தம்பி. சும்மா இல்ல, ரோசாப்பூ இதழ், வெள்ளையும் சிவப்புமா. அப்ப பாத்து ஒரு காத்து. எல்லாத்தையும் அள்ளிட்டு வந்து அதிகாரிங்க மேல கொட்டிடுச்சு. எல்லாரையும் விடப் பெரியவர் தொப்பியில நாலு இதழ், மீசையில ஒண்ணு, முதலாளி அப்புறம் எண்ணிச் சொன்னாரு. நான் முதலாளி நாற்காலிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.

சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க! கம்பி பிச்சுக்கும். நர்ஸம்மா என்னைத் தொலைச்சுடுவாங்க. மூக்கால மூச்சு விடுங்க. ஆங், அப்படித்தான்.

எங்க முதலாளி இருக்காரே, தண்ணியில தூக்கிப் போட்டாலும் கையில மீனோட வருவாரு. எழுந்து நின்னு சொன்னாரு பாருங்க: ஐயா, இது எங்க புது யோசனை. அணிவகுப்புல வீரருங்க மேல வானத்துல இருந்து மலர் தூவ, இதுவரைக்கும் யாரும் செய்யாத ஏற்பாடு. இந்த யோசனை யாரோடதுன்னா, இதோ நிக்கிறாரே இவரோடதுன்னு என் தோள்ல கையைப் போட்டாரு. பெரியவர் மீசையில இருந்த இதழை எடுத்துப் பாத்தாரு. சிரிச்சாரு. மூணு வருஷத்துல அந்த மனுஷன் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். முப்பது மிஷின் வேணும்னு அங்கயே சொல்லிட்டாரு.

ஆமா தம்பி. மூணு வருஷமா குறி தப்பாம மணல் போட்டோம், ஒண்ணும் நடக்கல. எனக்குக் கண்ணு தெரியாம போனதுல வியாபாரம் ஆயிடுச்சு. இப்ப நான் ஸ்டோர்காரன் கூட இல்ல. புதுத் திட்டப் பிரிவு மேலாளர். கார்டு அடிச்சுட்டாங்க. இந்தாங்க, ஒண்ணு வச்சுக்குங்க. தாடை சரியானதும் வாய் நிறையத் திட்ட நம்பர் வேணும்ல?

அப்ப தண்டனை யாருக்குன்னு கேக்குறீங்க. அதுக்குத்தான் வந்தேன்.

இன்னைக்கு நாலு மணிக்கு லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் உங்களைப் பாக்க வர்றாங்க. உங்க வாக்குமூலத்தை வச்சுத்தான் முடிவு. நீங்க எழுதி வச்சிருக்கிறது மேசை மேல திறந்தே இருக்கு, நான் வேணும்னு படிக்கல, கண்ணுல பட்டுச்சு. ட்ரோன் விட்ட அந்தப் பொண்ணு இனிமே எதையும் பறக்கவிடவே கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. நியாயம்தான். உங்க எடத்துல நான் இருந்தா இன்னும் கெட்ட வார்த்தையா எழுதியிருப்பேன்.

அந்தப் பொண்ணு என் தங்கச்சி.

ஆமா, கூடப் பொறந்தவ. கண்ட்ரோலைக் கையில வச்சுக்கிட்டு மேடைக்கு ஓரமா நின்னாளே, அவதான். மணல் விழுந்ததும் முதல்ல ஓடி வந்து உங்க தலையை மடியில தாங்கினாளாமே, ஞாபகம் இருக்கா? இருக்காது. ரெண்டு வருஷம் படிச்சு லைசென்ஸ் வாங்கினா. வேற எதுவும் அவளுக்குப் பிடிக்காது. சின்ன வயசுல எங்க அப்பா அவளை டாக்டருக்குப் படிக்கச் சொன்னாரு, இவ மொட்டை மாடியில பேப்பர் ராக்கெட் விட்டுக்கிட்டு இருந்தா. நான்தான் இந்தக் கம்பெனியில சேத்துவிட்டேன். பெரிய உபகாரம் பண்ணிட்டேன் பாருங்க.

அவ விசாரணையில என்ன சொன்னா தெரியுமா? பெட்டி கனமா இருந்துச்சு, நான் கவனிக்கல, யாரையும் கேக்கல, தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டா. முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். லேபிள் விஷயம் வெளிய வந்தா ராணுவ ஆர்டர் போயிடும் இல்ல? ஒரே தப்பு தம்பி. மைதானத்துல நடந்த பாதிக்கு எனக்குக் கார்டு, மண்டபத்துல நடந்த பாதிக்கு அவளுக்கு விசாரணை. பத்து நாளா வீட்டுல என்கூடச் சண்டை கூடப் போடல. சாப்பிட்டியான்னு கேக்குறா. அதான் தாங்க முடியல.

ஏன் பெட்டியைத் திறந்து பாக்கலன்னா, பாக்கக் கூடாது. ஸ்டோர்ல இருந்து பெட்டிக்குக் கம்பி முத்திரை வச்சு அனுப்புவோம். பைலட் அதை உடைக்கக் கூடாது. சந்தேகம் வந்தா ஸ்டோரைக் கேக்கணும். அதுவும் நான் போட்ட விதிதான், வேற யாரு.

இங்க வர்ற வழியெல்லாம் உங்ககிட்ட என்ன கேக்கணும்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். காத்து அடிச்சுது, வளைவு சரியாக் கட்டல, அந்தப் பொண்ணு மேல தப்பில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க தம்பின்னு கால்ல விழுந்தாவது கேக்கலாம்னு வந்தேன். அழறதுக்குக் கைக்குட்டை கூட எடுத்துட்டு வந்தேன். இப்ப உங்களைப் பாத்தா அது வாயில வர மாட்டேங்குது. உங்களையும் பொய் சொல்ல வச்சுட்டு, நான் அந்தக் கார்டை வச்சுக்கிட்டுச் சுத்தணும்.

என்ன... அழிச்சுட்டு மறுபடியும் எழுதுறீங்க. அவ கேட்டிருக்கலாமேன்னா?

கேட்டா தம்பி.

மைதானத்துல பூ விழுந்து, முதலாளி பேசி முடிச்சு, எல்லாரையும் போட்டோவுக்கு நிக்க வச்சாங்க. பெரியவர் பக்கத்துல நானு. அப்ப பாக்கெட்டுல போன் அடிச்சுது. கட் பண்ணினேன். மறுபடி அடிச்சுது, கட் பண்ணினேன். அப்புறம் மெசேஜ் வந்துச்சு. அண்ணா, பூப் பெட்டி கல்லு மாதிரி கனக்குது, முத்திரையை உடைச்சுப் பாக்கட்டுமா, மாட்டட்டுமான்னு. மணி பதினொன்னு இருபது. இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு.

உடைக்கச் சொன்னா மணல்னு தெரிஞ்சிடும், அங்க கத்துவாங்க, முதலாளிக்குப் போன் வரும், இங்க பெரியவர் முன்னாடி என் யோசனை நாறிடும். மணல்தானே, புல்லுல விழும், என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டேன். மாட்டுன்னு அனுப்பிட்டு நிமிர்ந்தேன். போட்டோவுல வாயெல்லாம் பல்லு.

அவ அதை அவ போன்ல அழிச்சுட்டா. என் போன்ல இருக்கு. இந்தாங்க, பூட்டெல்லாம் போடல. அந்த மெசேஜைப் படிக்காம பதில் போட்டேன், கண்ணாடி இல்ல, அவசரம், அப்படின்னு சொல்லலாம்னு கூட பஸ்ல வரும்போது ஒரு யோசனை வந்துச்சு. போனைக் கண்ணுகிட்ட வச்சு, ரெண்டு தரம் படிச்சேன் தம்பி.

நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கேன். நாலு மணிக்கு அவங்க வந்ததும் அதைக் காட்டிட்டு, என்னை உள்ள கூப்பிடச் சொல்லுங்க.