உள்ள ஒண்ணும் இருக்காது தம்பி

தம்பி, போஸ்ட்மேன் தம்பி, ஒரு நிமிஷம் வண்டியை ஆஃப் பண்ணுங்க. ஓடி வந்ததுல மூச்சு வாங்குது. இப்ப பையில திரும்பப் போட்டீங்கள்ல ஒரு கவரு, அதுக்குத்தான் ஓடியாந்தேன். ஆமா, அமெரிக்கா ஸ்டாம்ப் ஒட்டுனது. பாலகணேஷ்னு பேரு போட்டிருக்கும். அது எங்க வீட்டுக்கு வந்ததுதான். நான் ராதாகிருஷ்ணன், அவங்கப்பா.

யாரு, எதுத்த வீட்டுலயா சொன்னாங்க? அந்தப் பேர்ல இங்க ஆளே கிடையாதுன்னா? அவுக ஆடி கழிச்சுக் குடி வந்தவுக தம்பி. நாங்க பொறந்து வளந்ததே இந்த மஹால் தெருவுலதான். அவுக பேச்சைக் கேட்டுத் திருப்பி அனுப்பிறாதீங்க. புண்ணியமாப் போகும். உங்க கால்ல வேணாலும் விழுறேன். சரி சரி, சத்தம் போடல.

இப்படி நிழலுக்கு வாங்க. மாஸ்டர், ரெண்டு டீ. தம்பிக்குச் சீனி? அரைச் சீனி போடுங்க மாஸ்டர். நீங்க இந்த லைனுக்கு இப்பதான வந்திருக்கீங்க? ராஜபாண்டியா? நல்ல பேரு. சுருளி அண்ணன் இருந்தவரைக்கும் எனக்கு இந்த ஓட்டமே கிடையாது. அவரு ரிட்டயர் ஆனாலும் ஆனாரு, நான் கடைக்கு லீவு போட்டுட்டுத் தெருமுனையில நிக்க வேண்டியதாப் போச்சு.

அவனோட ஆதாரா? வீட்டுல இருக்கு, காட்டுறேன். மொதல்ல இது என்னன்னு கேட்டுக்கங்க, அப்புறம் உங்க இஷ்டம்.

தடவிப் பாருங்க. உள்ள லெட்டரு, பணம், பத்திரம், ஒண்ணும் இருக்காது. கெட்டியா ஒரு அட்டை, அம்புட்டுத்தான். மொத மொதல்ல இப்படி ஒண்ணு வந்தப்ப நான் என்ன பண்ணேன்னா, பிளேடை எடுத்து ஓரத்தைக் கிழிச்சுட்டேன். உள்ள பாத்தா வெத்து அட்டை. டேய், ஒருத்தன் அமெரிக்காவுலேருந்து வெறும் கவரை அனுப்பி ஏமாத்திருக்கான்டான்னு கத்துறேன். எம் பய தலையில கைய வச்சு உக்காந்துட்டான். அப்பா, கவருதான்ப்பா சரக்கே, மேல குத்துன முத்திரைக்குத்தான் சேக்குறேங்குறான்.

பேஸ்பால் தெரியுமா உங்களுக்கு? எனக்கும் தெரியாது. கட்டையால அடிச்சுட்டுச் சுத்தி ஓடுவாங்க. மதுரையில பூரா பயலும் கிரிக்கெட்டுன்னு அலைஞ்சா, இவன் மட்டும் காலேஜுல போயி அதுல சேந்தான். பந்து பிடிக்கிற இடத்துல குத்த வச்சே இருப்பான். முட்டி வலின்னு ராத்திரி தைலம் தேய்ப்பா அவங்கம்மா. அந்த ஆட்டத்தோட சரித்திரம் பூரா கவர்ல இருக்குன்னு எவனோ சொல்ல, பிடிச்சுக்கிட்டான். ஒரு பழைய ஸ்டேடியத்தை இடிக்கப் போறாங்கன்னா, கடைசி ஆட்டத்தன்னிக்கு மட்டும் அந்த ஊரு போஸ்டாபீசுல தனியா ஒரு முத்திரை குத்துவாங்களாம். கறுப்பினத்துக்காரங்களைச் சேக்காம வச்சிருந்த தடையை ஒருத்தரு உடைச்சுப் பெரிய லீக்குல எறங்குன நாளுக்கு ஒண்ணு. அதைக் காட்டிப் பேசும்போது இவன் கண்ணு கலங்கிரும்.

இன்னொரு கூத்து கேளுங்க. இந்த ஆட்டம் பொறந்து நூறு வருஷம்னு அங்க ஒரு சின்ன ஊர்ல அந்தக் காலத்துல முத்திரை குத்தியிருக்காங்க. பெறகு பாத்தா அது அங்க பொறக்கவே இல்லையாம்! யாரோ கட்டிவிட்ட கதையாம். அப்ப அந்தக் கவரு செல்லாதுல்லடான்னேன். கதை பொய்யா இருக்கலாம்ப்பா, முத்திரை நெசந்தானேன்னான்.

அவங்கம்மா சாரதாம்பா இருக்காளே, அவ இதுக்கும் மேல. வெளிநாட்டுத் தபாலு, நல்ல சேதியாத்தான் இருக்கும்னு, கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுற மாதிரி நாலு மூலையிலயும் மஞ்சளைத் தடவி சாமி படத்துக்கிட்ட வச்சுட்டா. கவரு போச்சுன்னு நெனைச்சேன். பய ஒரு வார்த்தை வையல. ஸ்டாம்ப் கண்காட்சியில அதையே முன்னால வச்சான். மார்க் போடுறவரு, என்னப்பா இது, கறையான்னு கேட்டாரு. அதுவும் முத்திரைதான் சார், எங்கம்மா போட்டதுன்னான். பரிசு கிடைக்கல. வீடு வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தான் தம்பி. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கெடக்கு.

டீ ஆறுது, குடிங்க.

யாரு அனுப்புறாங்கன்னா... அதான் இதுல வேடிக்கையே. நமக்கு யாரும் அனுப்புறது கிடையாது. நம்ம பேரையும் விலாசத்தையும் நாமளே எழுதி அங்க அனுப்பணும். இவனோட ஆடுன விக்ரம்னு ஒரு பய இப்ப அமெரிக்காவுல வேலையில இருக்கான். அவன் ஸ்டாம்ப் ஒட்டி, முத்திரை போடுற ஊரு போஸ்டாபீசுக்கு அனுப்பிவிடுவான். அவங்க குத்தி நம்ம வீட்டுக்கு அனுப்புவாங்க. வந்து சேர மாசக்கணக்காகும். அனுப்புனதே மறந்திருக்கும், திடீர்னு வந்து நிக்கும்.

இல்ல தம்பி, அவன் வெளியூர்ல இல்ல. போன கார்த்திகையில காய்ச்சல்னு படுத்தான். டெங்குன்னாங்க. மூலக்கரைச் சுடுகாட்டுல வச்சுட்டு வந்துட்டோம்.

உக்காருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. உங்க மேல தப்பில்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதுக்கப்புறம் எங்க வீட்டுல அவன் பேரை யாருமே சொல்றதில்ல. வர்ற சொந்தக்காரவுக, பையன்ங்குறாங்க, அந்தப் புள்ளைங்குறாங்க. மனசு நோகுமாம். அவன் தங்கச்சி வித்யாஸ்ரீ, அண்ணன்னு ஆரம்பிச்சு வாயை மூடிக்கிறா. ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. ஓட்டர் லிஸ்டுல எடுத்தாச்சு. அவங்கம்மா சுவரைப் பாத்துப் படுத்தவதான். சாப்பாடு இல்ல, தண்ணி இல்ல, அழுகைகூட இல்ல.

அப்பத்தான் அவன் முன்னாடியே எழுதிவிட்டிருந்த கவரு ஒண்ணு வந்துச்சு. சுருளி அண்ணன் லீவுல ஊருக்குப் போயிருந்தவரு, விஷயம் தெரியாது. வழக்கம் போல வாசல்ல நின்னு, பாலகணேஷ், அமெரிக்கா தபாலுன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி ஒரு சத்தம். அவரைத் தடுக்க நான் வாசலுக்கு ஓடுனேன். ஆனா அவ, எங்க சௌராஷ்டிரா பாஷையில, வாரேன்னு குரல் குடுத்துட்டு எந்திரிச்சா தம்பி. எந்திரிச்சுப் போயி வாங்குனா. மஞ்சளைக் கொழைச்சு நாலு மூலையிலயும் வச்சா. அன்னிக்குத்தான் ரெண்டு வாய் சோறு உள்ள எறங்குச்சு.

அவன் எழுதிவிட்டதுல இன்னும் ஒண்ணு ரெண்டு வந்துச்சு. பெறகு நின்னு போச்சு. அவ வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அதைப் பாக்க முடியல என்னால. விக்ரமுக்குப் போன் போட்டேன். என்ன கவரு, எந்த ஆட்டம், ஒரு எழவும் தெரியாது எனக்கு. நீ எதுக்கு வேணும்னாலும் குத்தச் சொல்லுப்பா, பேரை மட்டும் நான் எழுதி அனுப்புறேன்னேன். சிம்மக்கல்ல பாத்திரக்கடையில கணக்கு எழுதுற மேசையில வச்சே எழுதுறேன். உங்க பையில இருக்கே, அது என் கையெழுத்துத்தான்.

அவளுக்குத் தெரியுமான்னா... இம்புட்டு வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு என் எழுத்து தெரியாமயா இருக்கும்? நாங்க அதைப் பேசிக்கிறதில்ல.

இல்ல இல்ல, என் கையில குடுக்காதீங்க. நான் வாங்கிட்டுப் போறதுக்கு வரல தம்பி. நான் முன்னால வீட்டுக்குப் போயிடுறேன். நீங்க டீயைக் குடிச்சுட்டு, பின்னால மெதுவா வாங்க. நீல கேட்டு. பெட்டியில போட்டுட்டுப் போயிறாதீங்க. சார் போஸ்டுன்னும் கூப்பிடாதீங்க. அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. கொஞ்சம் சத்தமாவே கூப்பிடுங்க தம்பி, அவ அடுப்படியில இருப்பா.