வலப்பக்கம் இரண்டு முழம்

ஐயா, கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரம் படம் ஆடினால், கமராவைத் தாங்கும் முக்காலி ட்ரைபொட்டை யாரும் குறை சொல்வதில்லை. சிவசோதிக்குக் கை நடுக்கம் என்றுதான் சொல்வார்கள். முப்பத்தொரு வருடமாகக் கொடிகாமத்தில் வீடியோ எடுக்கிறேன். அப்படி ஒரு பேச்சு வர நான் விட்டதில்லை. ஜெயதீபனின் வழக்கில், துவக்கைத் தாங்கிய ட்ரைபொட் வழுக்கியதால் வெடி பிசகியது என்று அறிக்கை எழுதியிருக்கிறார்களாம். அந்த ட்ரைபொட் என்னுடையது. அது வழுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானே பொலிசுக்கு வந்திருக்கிறேன்.

வரணியில் ஜெயதீபனின் தென்னங்காணியும் என் வளவும் அடுத்தடுத்து. குரங்குகள் குரும்பை கூட விட்டுவைப்பதில்லை. பயிர் காக்க என்று அனுமதி எடுத்து ஒரு ரைபிள் வைத்திருந்தான். ஆனால் குரங்கைச் சுடமாட்டான். ஆஞ்சநேயர் குற்றம் வரும் என்று தாய் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் காணியின் எல்லையில், வாசற்கதவுப் படலைக்குப் பக்கத்தில், நெஞ்சளவு உயரத்தில் ஒரு தகரப் பீப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். காலையில் குரங்குகள் இறங்கியதும் பீப்பாவில் ஒரு வெடி. அந்தச் சத்தத்துக்கு எல்லாம் ஓடிவிடும். கடைசிச் சண்டையில் செல் குண்டுச் சிதறல் பட்டு அவனுக்கு இடக்கையில் பலமில்லை. துவக்கை ஏந்த முடியாதென்று என் பழைய ட்ரைபொட்டைக் கேட்டான். கொடுத்தேன்.

ஒரு கிழமையில் திரும்பி வந்தான்.

"மாமா, உந்த ட்ரைபொட்டை ஒருக்காப் பாருங்கோ. ஒவ்வொரு வெடியும் வலப்பக்கம் ரெண்டு முழம் போகுது."

பார்த்தேன். கால் பூட்டுகளை இறுக்கினேன். நடுத் தண்டை முழுதாக இறக்கினேன். மணலில் கால் புதைகிறதோ என்று பலகைத் துண்டுகள் வைத்தேன். பாரத்துக்கு மண்பை தொங்கவிட்டேன். துவக்கில் பூட்டிய தொலைநோக்கியின் ஆணிகளையும் பார்த்தேன். என்ன செய்தும் அதே இரண்டு முழம். துவக்குக் குழலில்தான் பிழை என்று முடிவு கட்டினேன். அது என் உண்மையான பிழை ஐயா, அதை ஒத்துக்கொள்கிறேன்.

"இடப்பக்கம் ரெண்டு முழம் பிடிச்சுச் சுடு தம்பி. பீப்பாவிலை விழும்" என்றேன்.

பீப்பாவுக்கு இடப்பக்கம் இரண்டு முழத்தில் படலைக் கம்பம். அதைக் குறிபார்த்தான், வெடி பீப்பாவில் பட்டது. அடுத்த நாளும் பட்டது. அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வருத்தத்துக்கு மருந்து எடுக்காமல் வருத்தத்தோடு வாழப் பழகுவது எங்கள் ஊரில் புதிதல்ல.

அவனுடைய தம்பி கீர்த்திகன் குரங்கு கலைக்க அந்தப் படலையடியில் நிற்பான். தள்ளி நில் என்று தமையன் சொன்னால் சிரிப்பான். "அண்ணை, நீ குறி வைக்கிற இடந்தான் ஊரிலையே பாதுகாப்பான இடம்" என்பான். ஜெயதீபனும் விட்டுக்கொடுப்பதில்லை. "உக்கின கம்பத்தை விட உன்ரை சேட்டுப் பொத்தான் நல்லாத் தெரியுது, ஆடாமல் நில்" என்பான். இரண்டு மாதம் இப்படியே போனது. வேலியால் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன்.

கீர்த்திகனுக்குத்தான் என் மகள் தர்சிகாவைப் பேசியிருந்தோம். பேசினோம் என்ன, அவர்களே விரும்பியதற்கு நான் தலையாட்டினேன். மனிசி செத்து எட்டு வருடம். அந்த வீட்டில் நானும் அவளும்தான். ஆவணியில் கலியாணம், அது முடிந்ததும் இருவரும் கனடா போவது என்று தீர்மானம். அவனுடைய தமக்கை சாருஜா அங்கே இருக்கிறாள். "மாமா, நீங்களும் பிறகு வரலாம்தானே" என்று கீர்த்திகன் அடிக்கடி சொல்வான். நல்ல பிள்ளை. அவனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதை அப்படியே எழுதுங்கள்.

அவர்களுக்கு விசா வந்த கிழமை, கரவெட்டியில் எனக்கு ஒரு கலியாண வீடியோ வேலை. புது ட்ரைபொட்டின் கால் உடைந்திருந்ததால் பழையதை ஜெயதீபனிடமிருந்து திருப்பி வாங்கி வந்தேன். பின்னேரம் கமராவைப் பூட்டி, தூரத்துப் பனை ஒன்றைக் கிட்டவாக இழுத்துப் பார்த்தேன். துவக்கின் விசையை இழுப்பதுபோல் ஒரு விரலால் அழுத்தினேன். பனை ஒரு பக்கம் துள்ளிவிட்டு, விரலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தது. தலைப்பகுதியைக் கழற்றினால் உள்ளே வாசர் வளையம் ஒன்று தேய்ந்து கடதாசி போலக் கிடந்தது. பூட்டு இறுகியதுபோல் இருக்கும். அழுத்தினால் மட்டும் வலப்பக்கம் திரும்பும். இரண்டு மாதமாக நான் தேடிய பிழை அதுதான். எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. தர்சிகா ரோர்ச் வெளிச்சம் பிடிக்க, புது வாசர் போட்டேன். திரும்ப அழுத்தினேன். பனை அசையவில்லை.

கரவெட்டிக் கலியாணம் முடிந்து வந்த மறுநாள் காலை ஜெயதீபன் ட்ரைபொட்டை எடுக்க வந்தான். தர்சிகா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். உள்ளே அவளுடைய பயணப் பெட்டி திறந்தபடி கிடந்தது. தாயின் சேலைகள் இரண்டை மேலே மடித்து வைத்திருந்தாள்.

"ஏதும் பாத்தனீங்களே மாமா?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்லைத் தம்பி. வழமை போலை பிடி" என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். மற்றவர்கள் பொய் சொல்லிக் கெடுப்பார்கள். நான் ஒரு சாமானைத் திருத்திக் கொடுத்தேன். அவன் போகும்போது கூப்பிட்டிருக்கலாம். என் படலையால் இறங்கி, ஒழுங்கையால் நடந்து, தன் காணிக்குள் போகும்வரை நேரம் இருந்தது. குரங்குகள் வரும்வரையும் நேரம் இருந்தது. நான் முகம் வழிக்கத் தொடங்கினேன்.

வெடி கேட்டது. பீப்பாச் சத்தம் கேட்கவில்லை. நேராகப் போயிருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகு ஜெயதீபன் கத்தினான். தர்சிகா செருப்பில்லாமல் ஓடினாள். சேட்டின் இரண்டாவது பொத்தான், ஐயா. ட்ரைபொட் வழுக்கியிருந்தால் அப்படிப் படுமா? உங்கள் ஆட்களைக் கேளுங்கள்.

ஜெயதீபன் மறியற் சிறையில் சாப்பிடுவதில்லையாம். தம்பியைக் கொன்றவன் என்று தாயே முகம் பார்க்கப் போகவில்லை. அவனில் பிழையில்லை. கீர்த்திகனைக் கொன்றது நான். தெரிந்துதான் செய்தேன். எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

இவ்வளவு நாளும் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பீர்கள். இவ்வளவு நாளும் தர்சிகா வீட்டில் இருந்தாள். சமைப்பாள், எனக்குப் போட்டுத் தருவாள், கதைக்கமாட்டாள். எனக்கு அது போதும். ஆனால் போன கிழமை, கனடாவில் படிக்க சாருஜா இடம் எடுத்துத் தந்திருக்கிறாள் என்றாள். வெள்ளிக்கிழமை பயணமாம். பெட்டியைத் திரும்பவும் இறக்கிவிட்டாள்.

வாசர் போடும்போது ரோர்ச் பிடித்தது அவள். "ஒண்டுமில்லை" என்று நான் சொன்னதைக் கேட்டு நின்றதும் அவள். அதன் அர்த்தம் அவளுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் கேட்டால் தெரிந்துகொள்வாள். அவளில்லாமல் உங்கள் வழக்கு நிற்காது. முக்கியமான சாட்சி நாட்டை விட்டுப் போகாமல் நீதிமன்றத்தில் தடை எடுக்கலாம் என்று ஒரு சட்டத்தரணி சொன்னார். இன்றைக்குப் புதன்கிழமை. முழுப்பெயர் சிவசோதி தர்சிகா. பாஸ்போட் அலுமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. பிள்ளையைப் பயப்படுத்தாமல் வாங்குங்கள்.

மறியலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர் பார்க்கலாம்தானே? வரணியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்தான். அவள் வருவாள். அவளுக்கும் என்னை விட்டால் இனி யார் இருக்கிறார்கள்?