பழைய விலைச் சரக்கு

சுப்பர்மார்க்கெட்டில் பால்மாவை எப்போதும் கடைசிச் சுவரோரம்தான் அடுக்குவோம். பால்மா தேடி வருகிறவர் பிஸ்கட், சவர்க்காரம், ஷம்பூ எல்லாவற்றையும் கடந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டும். போகிற வழியில் கை சும்மா இருக்காது. எந்த ஊரிலும் கடைகள் இப்படித்தான் நடக்கின்றன, இன்ஸ்பெக்டர் ஐயா.

நான் நடந்துகொண்டே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். அந்தக் கதிரையில் என்னால் இருக்க முடியவில்லை. தொலைபேசியை நீங்கள் வாங்கி வைத்ததிலிருந்து பெருவிரல் தானாக அசைகிறது. பங்கு விலை பார்க்கிற பழக்கம்.

என் பெயர் நிருபன். துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிளையின் முகாமையாளர். எங்கள் கம்பனியின் பங்குகள் கொழும்புப் பங்குச்சந்தையில் விற்கப்படுகின்றன. ஊழியர்களுக்கும் சலுகை விலையில் கொஞ்சம் கொடுத்தார்கள். நான் மனைவியின் நகையை அடகு வைத்து இன்னும் வாங்கினேன். அதன்பிறகு கடை என் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. உடைந்த முட்டை, வாடிய கரட், யாரோ சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போன பற்பசை எல்லாமே என் வீட்டிலிருந்து போவதாகப் பட்டது. மனிசி பேசினால் காதில் விழாது. சாப்பாட்டுக் கோப்பையை ஒரு கையில் பிடித்தபடி மற்றக் கையால் விலை பார்ப்பேன்.

சில்லறை வியாபாரத்தில் இலாபம் மெல்லியது. ஒரு பொருளில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அதையும் மின்சாரமும் சேதமும் திருட்டும் தின்றுவிடும். ஆனால் விலை ஏறுகிற காலம் வேறு. பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புதிய விலைக்கு விற்றால், ஒரு வேலையும் செய்யாமல் இலாபம் வரும். காலாண்டு அறிக்கை நன்றாக இருக்கும். பங்கு ஏறும். டொலர் இல்லாமல் கப்பல்கள் சரக்கை இறக்காது நிற்கிற இந்த வருடத்தில் இதை அறியாத முகாமையாளர் யாரும் இல்லை.

பால்மா விலை மறுபடி கூடப்போகிறது என்று தெரிந்தபோது லொறி ஒன்று வந்தது. சரக்கை இறக்கிப் பழைய அலுவலக அறைக்குள் பூட்டினேன். கணினியில் அது இன்னும் வந்து சேராத சரக்காகவே இருந்தது. பதுக்கல் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் சற்றுப் பொறுத்திருந்தேன், அவ்வளவுதான்.

கைக்குழந்தைகளோடு பெண்கள் வந்தார்கள். "இல்லை அக்கா, கொழும்பிலயிருந்தே வரேல்ல" என்றேன். முதலில் சொல்லத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கீர்த்தனி எங்கள் காசாளர். உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வருவாள். கணவன் பிரதீபன் மீன்பிடிக்கிறவன். மண்ணெண்ணெய் இல்லாமல் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தான். அவர்களுக்குச் சில மாதக் கைக்குழந்தை, ஆண் பிள்ளை. பிறவிக் கோளாறு ஒன்றினால் அவனுக்குத் தாய்ப்பாலும் ஆகாது, பசும்பாலும் ஆகாது. சோயாவில் செய்த மா ஒன்றைத்தான் டொக்டர் கொடுக்கச் சொல்லியிருந்தார். அந்த மா அடைத்த ரின்களும் நான் பூட்டிய அறைக்குள்தான் இருந்தன.

"வந்தா எனக்கு முதல்ல சொல்லுங்கோ சேர்" என்று தினமும் கேட்பாள். ஓம் என்று தினமும் சொன்னேன்.

பிறகு ஒரு மத்தியானம், அந்த அறையிலேயே கிடந்த பில் கடதாசியை எடுத்து வரச் சொல்லி அவளிடமே சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டேன். கொழும்பில் பங்கு இறங்கிக்கொண்டிருந்த நேரம். என் புத்தி அங்கே இருந்தது. நினைவு வந்து ஓடிப் போனபோது அவள் ஒரு ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டு மட்டும் சேர். புது விலையெண்டாலும் பரவாயில்லை, சம்பளத்தில வெட்டுங்கோ. மூண்டு நாளா கஞ்சித் தண்ணிதான் குடுக்கிறன், வயித்தால போகுது அவனுக்கு."

அவளிடம் பொறுமையாகத்தான் பேசினேன். ஒரு ரின்னுக்குப் பில் போட்டால் கணினி எல்லாச் சரக்கையும் காட்டிக்கொடுத்துவிடும். பில் இல்லாமல் கொண்டுபோனால் அது திருட்டு. ரின்னை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன். திருட்டு முயற்சி என்று நான் பதியவில்லை. பதிந்திருந்தால் வேலை போயிருக்கும், பொலிசும் வந்திருக்கும். அதையும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். யாரிடமும் எதுவும் கதைக்க மாட்டேன் என்றாள்.

பிள்ளை அந்த வாரமே இறந்துபோனது. பெற்றோல் இல்லாததால் ஓட்டோ கிடைக்கவில்லை. பிரதீபன் சைக்கிள் மிதிக்க, அவள் பின்னால் இருந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனாளாம். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை கண் திறக்கவில்லை என்றார்கள். கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து மலர்வளையம் வாங்கினோம். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

சரியாக அந்த நேரத்தில் விலை கூடியது. சரக்கைக் கணினியில் ஏற்றினேன், புதிய விலை ஒட்டினேன், கடைசிச் சுவரோரம் அடுக்கினேன். வரிசை கதவுக்கு வெளியே, வீதிவரை போனது. கொழும்பிலிருந்து பிராந்திய முகாமையாளர் அழைத்துப் பாராட்டினார். பங்கும் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் காசாளர் போதாது. வீட்டில் இருந்தால் அதே நினைவுதான் வரும், வேலை மனதை மாற்றும் என்று கீர்த்தனிக்கு ஆள் அனுப்பினேன். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினேன்.

அவள் வந்து தன் இடத்தில் இருந்தாள். முதலில் வந்த பெண் நீட்டியது அந்தச் சோயா மா ரின்தான். கீர்த்தனி அதன் விலைத்தாளை நகத்தால் உரித்தாள். அடியில் அச்சிட்ட பழைய விலை தெரிந்தது. பிறகு எழுந்தாள். கத்தவில்லை.

"அக்கா, இது நேற்று வந்த சரக்கில்லை. என்ர பிள்ளை உயிரோட இருக்கேக்கையே இது உள்ளுக்குத்தான் இருந்தது."

வரிசையில் நின்ற எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்போதும் என் கை தொலைபேசியைத்தான் தேடியது.

நான் கொன்றேன் என்று வெளியே கத்துகிறார்கள், இங்கே கேட்கிறது. நோயைக் கொடுத்தது நானா? பெற்றோலை நிறுத்தியது நானா? விலை மாறியதும் அவளுக்குக் கொடுக்க ஒரு ரின்னைப் புறம்பாக எடுத்தும் வைத்திருந்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மத்தியானம் அறையை நான் பூட்டப்போனபோது அவள் மறுபடியும் கேட்டாள். ரின் வேண்டாம், திறந்து நாலு கரண்டி மட்டும் ஒரு பேப்பரில் மடித்துத் தரச் சொன்னாள். ஒரு நாளைக்காவது காணும் என்றாள். திறந்த ரின்னை விற்க ஏலாது, அது சேதக் கணக்கில் போகும் என்று விளக்கினேன். கீர்த்தனி விபரம் தெரிந்த பிள்ளை. ஒரு மறுப்பும் சொல்லவில்லை. "ஓம் சேர்" என்று விளங்கிக்கொண்டுதான் போனாள்.