நாலாவது கோட்டு

…அட, அசையாதே கார்லிஸ் தம்பி, குண்டூசி குத்திடும்! இதுக்குத்தான் சொல்றேன், மேல்குரல் பாடுறவனுங்களை நம்பவே கூடாது. உன்னைச் சொல்லலப்பா. உனக்கு முன்னாடி இந்தக் கோட்டைப் போட்ட மூணு பேரைச் சொல்றேன். கையைத் தூக்கு. ம்… கடைசியாப் போட்ட ஹார்லன் கொஞ்சம் குண்டு. இடுப்புல பிடிச்சுத் தைச்சாச் சரியாப் போயிடும்.

இன்னும் அரை மணி நேரந்தான். சந்தைக் கமிட்டிக்காரங்க கறாராச் சொல்லிட்டாங்க, நாலு குரல் இல்லேன்னா எங்க ‘கிளிஞ்ச் ரிவர் நால்வர்’ கோஷ்டிக்கு இனிமே மேடையே கிடையாதாம். நாப்பத்தோரு வருஷமாப் பாடுறோம், எங்களுக்கே!

எப்படி இருந்த கோஷ்டி தெரியுமா? பாப்டிஸ்ட் சர்ச்சுல நானும் என் சித்தப்பா பையன் டூயியும் ஆரம்பிச்சது. அப்புறம் தீயணைப்பு நிலையத்துல மீன் வறுவல் விருந்து, அப்புறம் நாக்ஸ்வில் ரேடியோ. ‘மேவிஸ், கதவைச் சாத்தாதே’ வந்துச்சு பாரு… டென்னசி முழுக்க லாரிக்காரனெல்லாம் அதைத்தான் பாடினான். எழுதினது யாரு? நான்! சொந்தமா பஸ் வாங்கி, பக்கவாட்டுல எங்க நாலு பேர் பேரையும் எழுதினோம். மூணு பேர் அப்படியே இருக்கு. நாலாவது பேரை மட்டும் அடிச்சு அடிச்சு எழுதி, அந்த இடமே பெயிண்ட்ல வீங்கிக் கிடக்கு.

ஏன் போனானுங்கன்னு கேக்குறியா? டூயிக்குக் கால் வலியாம்! பாடுறது வாயாலயா, காலாலயா? உரம் விக்கப் போயிட்டான். அடுத்து வந்த லானி, கால் கட்டைவிரல் நகம் போச்சுன்னு அழுதான். ஹார்லன் இருக்கானே… இந்த மஞ்சக் கோட்டுக்குக் கீழே இரும்பு மூக்கு வச்ச ஃபாக்டரி பூட்ஸை மாட்டிக்கிட்டு மேடையேறினான்! என் குதிகால் என்னத்துக்கு ஆகுறது? பதினைஞ்சு நாள் நொண்டினேன்.

பொறு, அலமாரியில மஞ்ச நூல் இருக்கான்னு பாக்குறேன். நீ அங்கேயே நின்னு கேட்டுக்கோ. எங்ககிட்ட ஒரே மைக்குதான், பழைய முறை. முறை வந்தவன் முன்னால சாயணும், முடிஞ்சதும் விலகணும். பாட்டு உச்சிக்குப் போற இடத்துல நீ சாயணும். நானும் கொஞ்சம் சாய்வேன். அப்ப உன் காலு… எப்பவாவது… என் குதிகாலுக்கு அடியில வரலாம்.

வேணும்னேவா? சே சே! முதல் தடவை தெரியாமத்தான்… சரி, உன்கிட்ட மறைப்பானேன். அன்னிக்கு டூயி அந்த உச்சியைப் பிடிச்சான் பாரு, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னுடுச்சு. நாற்காலியெல்லாம் சாயுது! பாட்டு என்னுது தம்பி. ஒருத்தனாவது என் பக்கம் திரும்பினானா? வயிறு எரிஞ்சுது. மறுநாளும் அதே இடம்… லேசாத்தான் மிதிச்சேன். அவன் குரல் உடைஞ்சுது. நான் முழுசா முன்னால போய் அதே உச்சியைப் பாடினேன். எழுந்திருக்கப் போன கூட்டம் அப்படியே உக்காந்துடுச்சு.

இந்தா, நூல் கிடைச்சாச்சு. திரும்பி நில்லு… கார்லிஸ்?

கோட்டு நாற்காலியில கிடக்கு. அடப்பாவி, அங்க ஷூவைக் கையில தூக்கிட்டுல்ல ஓடுறான், சத்தம் கேக்கக் கூடாதுன்னு!

போகட்டும். எல்லாரும் போகட்டும். மேடை இல்லாட்டி என்ன, மைக் முழுக்க இனி எனக்குத்தான்… அந்த உச்சி மட்டும் எனக்கு எட்டாது தம்பி. என்னிக்குமே எட்டினதில்ல.